மூணு கட்டையும் ஐயாயிரம் லூமெனும்

வடசென்னையின் காசிமேட்டில் மீன் எடுப்பவர்கள் விடியும்வரை காத்திருக்க முடியாது. விசைப்படகுகள் கரைசேர்ந்ததும் இருட்டிலேயே ஏலம் தொடங்கிவிடும். கூடை தூக்கி விற்கும் பெண்கள் வஞ்சிரத்தின் செவுளை ஒரு விரலால் நெம்பிப் பார்ப்பார்கள். செவுள் இரத்தச் சிவப்பாக இருந்தால் புது மீன். பழுப்பேறியிருந்தால் ஐஸில் சில நாள் படுத்துக் கிடந்த மீன். பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கின் தரம் அந்த ஒரு நிறத்தில் இருக்கிறது.

அந்த நேரத்தில் கையில் இருப்பது நீலம் பாய்ந்த மலிவு எல்.இ.டி. டார்ச் என்றால் சிக்கல்தான். வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். ஆனால் சிவப்புச் செவுள் சற்றுப் பழுப்பாகவே தெரியும். அதே செவுளை, பாதி வெளிச்சம்கூட இல்லாத பழைய குண்டு பல்பு டார்ச்சில் பார்த்தால் நிறம் பளிச்சென்று வந்துவிடும்.

அப்படியானால் இரண்டில் எது நல்ல டார்ச்? கடையில் நாம் கேட்பது “எவ்வளவு தூரம் அடிக்கும்?”, “எத்தனை வாட்?”, “எவ்வளவு குறைப்பீங்க?” என்ற மூன்றே கேள்விகள். பெட்டியும் அந்த மூன்றுக்கும் மட்டுமே பெரிய எழுத்தில் பதில் வைத்திருக்கிறது. குறைந்த பணத்தில் நல்ல டார்ச் வாங்க, பெட்டி தரும் பதிலை நாமே சரிபார்க்கத் தெரிய வேண்டும். அதற்குத் தேவையான இயற்பியல், பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டாது.

திருவொற்றியூரின் கட்டை

நம் ஊரில் டார்ச்சுக்கு நீளம், எடை எல்லாம் அப்புறம்தான். முதலில் கட்டைக் கணக்கு, அதாவது உள்ளே எத்தனை பேட்டரி. ரெண்டு கட்டை, மூணு கட்டை. பண்ணையார் வீட்டில் அஞ்சு கட்டை. ‘பேட்டரி லைட்’ என்ற பெயரே, விளக்கை விடப் பேட்டரியை முன்னால் நிறுத்துகிறது. அந்தக் கட்டையில் ஒரு பங்கு ஒரு காலத்தில் வடசென்னையில் செய்யப்பட்டது. எவரெடி பேட்டரியின் இரண்டாவது இந்திய ஆலை 1952-ல் சென்னையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் தொடங்கியது. முதல் ஆலை கல்கத்தாவில். 1958-ல் லக்னோவில் டார்ச்சுக்கென்றே தனி ஆலை வந்தது. 1959-ல் நிறுவனம் யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது இதே நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலையில்தான். பத்தாண்டு கழித்து, 1994-ல், கைத்தான் குழுமம் அதை வாங்கி எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆக்கியது. ஒன்பது என்ற எண்ணுக்குள் பூனை பாயும் அந்தச் சின்னம் மட்டும் இந்த மாற்றங்களைத் தாண்டி நின்றது. திருவொற்றியூரில் உற்பத்தி நின்றுவிட்டது, நிலமும் கைமாறிவிட்டது.

அந்தக் கட்டையை ஒருமுறை மனத்தில் பிரித்துப் பாருங்கள். வெளிக்கூடு துத்தநாகம். அதுதான் எதிர்முனை, அதுவே பாத்திரமும்கூட. நடுவில் கருப்புக் கார்பன் கோல். அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கார்பன் தூளும் கலந்த கரிய மாவு. இடையில் நவச்சாரப் பசை. பிற்காலத்தில் துத்தநாகக் குளோரைடு. லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1866-ல் கண்ணாடிச் சாடியில் ஈரமாக வைத்திருந்த சங்கதியை, ஜெர்மனியின் காஸ்னர் 1886-ல் கவிழ்த்தாலும் கொட்டாத பசையாக்கினார். 1899-ல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் அதைக் குழாயில் அடுக்கி, முன்னால் பல்பும் கூடவே சுவிட்சும் வைத்துக் காப்புரிமை பெற்றார். கார்பன் கோலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பழவேற்காட்டைத் தாண்டி, ஆந்திர எல்லையில் தடாவில், அதைச் செய்வதற்கென்றே பானசோனிக் கார்பன் இந்தியா ஆலை இயங்குகிறது. நிப்போ பேட்டரியைத் தரும் இந்தோ நேஷனல் நிறுவனமும் 1972-ல் தொடங்கிய சென்னைக் கம்பெனி. அதன் ஆலை நெல்லூர்ப் பக்கம்.

கட்டையின் அமைப்பிலேயே ஒரு கோளாறு ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? மின்சாரம் தருவதற்காகக் கரைவது துத்தநாகம். அந்தத் துத்தநாகம்தான் சுவரும். கட்டை தீரத்தீரச் சுவர் மெலியும், கடைசியில் ஓட்டை விழும், பசை வெளியே வரும். டார்ச்சின் ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கிற பூ, தன் பாத்திரத்தையே தின்று முடித்த கட்டையின் கசிவுதான்.

வியாபாரக் கணக்கும் இதே கட்டையில்தான் இருந்தது. டார்ச்சை ஒருமுறை வாங்குவோம். எவரெடியின் ‘ஜீவன் சாத்தி’ போன்ற பித்தளை டார்ச் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். கட்டையைத்தான் வாழ்நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருப்போம். அதனால் டார்ச்சின் உண்மையான விலை பெட்டியில் ஒட்டியிருக்கும் தொகை இல்லை. ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு நாம் கொடுக்கும் தொகை. இந்த அத்தியாயத்தின் மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

பத்துப் பைசா வெளிச்சம்

ஒரு விளக்கு எல்லாத் திசையிலும் சேர்த்து வெளியிடும் ஒளியின் மொத்த அளவு லூமென். தண்ணீர்க் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று கேட்பது போல.

பழைய ரெண்டு கட்டை டார்ச்சின் பல்பு சுமார் 2.4 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். அதாவது 1.2 வாட். அதில் கிடைத்தது பத்து லூமென் அளவே. மீதியெல்லாம் சூடு. அரை ஆம்பியர் இழுத்தால் சாதாரணக் கட்டை ஐந்து மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்து லூமென், ஐந்து மணி: ஒரு ஜோடிக் கட்டையில் 50 ‘லூமென் மணி’ வெளிச்சம்.

இப்போது நல்ல எல்.இ.டி. டார்ச். உள்ளே 18650 என்ற லித்தியம் அயனி செல். அந்த எண்ணில் மர்மம் ஏதுமில்லை: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். 2600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் செல் என்றால், 3.6 வோல்ட்டால் பெருக்க, 9 வாட் மணிக்குக் கொஞ்சம் கூடுதல். இழப்பெல்லாம் போக வாட்டுக்கு 100 லூமென் தரும் டார்ச்சில் 900 லூமென் மணி. ஒரே சார்ஜில் பதினெட்டு ஜோடிக் கட்டையின் வெளிச்சம்! சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 12 வாட் மணி இழுக்கும். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டால், செலவு பத்துப் பைசாவுக்குள்.

இந்தப் பாய்ச்சலுக்குக் காரணமான இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் நோபல் கிடைத்திருக்கிறது. நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல். லித்தியம் அயனி பேட்டரிக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல். ஒளி எவ்வளவு மலிந்துவிட்டது என்பதற்குக் கடலே சாட்சி. படகில் எல்.இ.டி. விளக்குகளை எரியவிட்டு மீனை ஈர்த்து அள்ளுவது பெருகியதால், 2017-ல் மத்திய அரசு அந்த முறைக்கே தடை போட்டது. பெட்ரோமாக்ஸ் காலத்தில் அப்படியொரு சட்டத்துக்கு வேலையே வந்திருக்காது.

பெட்டி சொல்லும் பொய்கள்

வெளிச்சம் மலிந்ததும் எண்கள் வீங்கின. பெட்டியில் 5000 லூமென், 9900 மில்லி ஆம்பியர் மணி, ஒரு கிலோமீட்டர் என்று அச்சடித்திருக்கும். விலை ஐந்நூறு ரூபாய். மூன்று எண்ணையும் கடை வாசலில் நின்றபடியே உரசிப் பார்க்கலாம்.

முதலில் லூமென். வாட்டுக்கு 100 லூமென் என்றால், 5000 லூமெனுக்கு 50 வாட் வேண்டும். அதில் பெரும்பகுதி சூடாக மாறும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். உள்ளங்கை அளவு டார்ச் நிஜமாகவே 5000 லூமெனைத் தொடர்ந்து உமிழ்ந்தால் அதைக் கையில் பிடிக்க முடியாது. மிகச் சிறந்த 18650 செல்லும் கால் மணி நேரத்தில் காலியாகிவிடும். நல்ல கம்பெனிகள்கூட உச்ச அளவைச் சில நிமிடம் கொடுத்துவிட்டு, சூடு ஏறியதும் தானாகக் குறைக்கும்படி வைத்திருக்கின்றன. ஆகவே டார்ச்சின் எடையையும் உருவத்தையும் பார்த்துவிட்டு லூமெனை நம்புங்கள். கைக்கடக்கமான ஒற்றைச் செல் டார்ச் நெடுநேரம் தாங்கி எரிவது ஐந்நூறு லூமென் அளவில்தான். வீட்டு வேலைக்கு 100, 200 லூமெனே தாராளம். நம் கண்ணும் நேர்க்கோட்டில் கணக்குப் போடுவதில்லை. வெளிச்சம் இரட்டிப்பானது போலத் தோன்ற, லூமென் நான்கு மடங்காவது ஏற வேண்டும். 800-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் பணம் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாததற்குப் பணம் கொடுக்கிறோம்.

அடுத்தது பேட்டரி. இன்றைய தொழில்நுட்பத்தில் 18650 அளவுக்குள் அடைக்க முடிந்தது 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான். அதே அளவு செல்லில் 9900 என்று எழுதியிருந்தால் வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை. சந்தேகமிருந்தால் செல்லைத் தராசில் வையுங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டியிருக்கும். மிகவும் இலேசாக இருந்தால் கூட்டுக்குள் குட்டிச் செல் ஒன்று ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது தூரம். இதற்கு லூமென் உதவாது, கேண்டெலா வேண்டும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்தால் அதே தண்ணீர் தூரம் பீய்ச்சுகிறது இல்லையா? ஒளியை எவ்வளவு ஒடுக்கிப் பீய்ச்சுகிறோம் என்பதே கேண்டெலா. டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தரநிலை ஒன்று 2009-ல் வந்தது. அதன்படி ‘எட்டும் தூரம்’ என்பது வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் இடம். அது பௌர்ணமி நிலவொளியின் அளவு. கணக்கு எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 2500 கேண்டெலா 100 மீட்டர் எட்டும். 10,000 கேண்டெலா 200 மீட்டர். தூரம் இரட்டிக்க, செறிவு நான்கு மடங்காக வேண்டும். ஒரு கிலோமீட்டர் அடிக்க இரண்டரை லட்சம் கேண்டெலா தேவை. அகலமான, ஆழமான ரிஃப்ளெக்டர் இல்லாமல் அது நடக்காது. கட்டைவிரல் தடிமன் டார்ச்சில் ‘ஒரு கிலோமீட்டர்’ என்று போட்டிருப்பதைச் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். மேலும், நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும். அது யார் என்று தெரியாது. பெட்டியில் உள்ள மீட்டரைப் பாதியாக்கிக்கொண்டால் நடைமுறைத் தூரம் வரும்.

தூரம் எல்லோருக்கும் வேண்டியதும் இல்லை. இருட்டில் மிதவையைத் தேடும் படகோட்டிக்கு ஒடுங்கிய கற்றை வேண்டும். எஞ்சின் அறைக்குள் குனிபவருக்கும், எண்ணூரில் லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் பரந்த ஒளி வேண்டும். ஒடுங்கிய கற்றையை அரை மீட்டர் தள்ளியுள்ள நட்டின் மேல் அடித்தால் கண் கூசுமே தவிர வேலை நடக்காது. என்ன வேலைக்கு என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் முடிவு செய்துகொடுப்பார்.

பெட்டி சொல்லாதவை

இப்போது செவுளுக்குத் திரும்புவோம். வெள்ளை எல்.இ.டி. என்று ஒன்று கிடையாது. அது நீல எல்.இ.டி.; மேலே மஞ்சள் நிறப் பாஸ்பர் பூச்சு. நீலத்தின் ஒரு பகுதியைப் பூச்சு விழுங்கி மஞ்சளாக உமிழ, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. பூச்சு மெலிந்திருந்தால் நீலம் மிஞ்சும், லூமென் எண்ணும் ஏறும். சிவப்பு மட்டும் பற்றாக்குறையாகும். செவுள் சிவப்பாகத் தெரிய, விளக்கிலிருந்து சிவப்பு ஒளி போய் அதன் மேல் பட வேண்டும். போகாத ஒளி திரும்பி வராது. குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு தாராளம். அதனால்தான் பத்து லூமெனிலும் அது நிறத்தைச் சரியாகக் காட்டியது.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்ற அளவு உண்டு. சூரிய ஒளிக்கும் குண்டு பல்புக்கும் 100. மலிவு எல்.இ.டி. 70 அளவில் நிற்கும். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. மீன் வாங்குபவர், சிவப்பு மஞ்சள் நீல வயர்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரீஷியன், இரவில் பிள்ளையின் காயத்தைப் பார்க்கும் தாய் மூவருக்கும் ஆயிரம் லூமெனை விட இந்த 90 பெரிது. லூமென் கொஞ்சம் குறையும்; அந்தப் பேரம் இலாபம்தான்.

பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று சிமிட்டல். பல டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க எல்.இ.டி.யை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றும். கண் உணராது, ஆனால் சுழலும் லேத், ஃபேன் பெல்ட் ஆகியவை அந்தச் சிமிட்டலோடு ஒத்துப்போனால் நின்றுவிட்டது போலத் தெரியும். ஓடும் இயந்திரத்தை நின்றது என்று நினைத்துக் கை வைப்பதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. குறைந்த வெளிச்சத்தில் வைத்து, டார்ச் முன்னால் விரல்களை வேகமாக ஆட்டுங்கள். விரல் தொடர்ச்சியாக மங்கித் தெரிந்தால் சரி. துண்டு துண்டாகத் தெரிந்தால் சிமிட்டுகிறது.

எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம். ‘8 மணி நேரம்’ என்பது முன்பு சொன்ன அமெரிக்கத் தரநிலைப்படி வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தேயும்வரை உள்ள நேரம். உள்ளே சீரான மின்னோட்டம் தரும் சுற்று இருந்தால் வெளிச்சம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். வெறும் மின்தடையை மட்டும் வைத்த மலிவு டார்ச் முதல் அரை மணியில் மின்னிவிட்டு, மீதி ஏழரை மணி மினுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் பெட்டியில் ஒரே ‘8 மணி’தான்.

பெட்டி சொல்லாத கடைசி விஷயம் நம் ஊர்க் காற்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை உப்புக் காற்று. எண்ணூரில் அதோடு அனல்மின் நிலையச் சாம்பல் தூசியும். அலுமினிய உடலும் இரும்பு ஸ்பிரிங்கும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த இணைப்பே ஒரு குட்டி மின்கலமாகி அலுமினியத்தை அரிக்கும். எனவே ‘ஐ.பி.’ எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு. 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது தண்ணீருக்கு, 4 என்றால் தெறிப்பு, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி. கடலோரம் ஐ.பி. 67 இருந்தால் நிம்மதி. உப்புத்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் ரப்பர் வளையம் பல ஆண்டு உழைக்கும்.

61 நாள் சோதனை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகு கரையில் நிற்கும். டார்ச் படகு அறையிலோ பரணிலோ கிடக்கும், அதுவும் கத்திரி வெயிலில். கட்டை, ஈய அமிலம், லித்தியம் என்ற மூன்று வகை டார்ச்சுக்கும் இது சரியான பரீட்சை.

கட்டை போட்ட டார்ச் கசிந்திருக்கும். மருந்து ஒன்றுதான்: கட்டைகளைக் கழற்றி வையுங்கள். ஏற்கெனவே பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவைத்து, ஸ்பிரிங்கை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். பாதி டார்ச்சுகள் பிழைத்துவிடும்.

கனமான ‘சார்ஜர் டார்ச்’ செத்திருக்கும். அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. காலியாக விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகம் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. வாங்கிய ஆறே மாதத்தில் போய்விட்டது என்று நாம் கம்பெனியைத் திட்டும் டார்ச்சுகளில் பல இப்படிச் செத்தவை. மாதம் ஒருமுறை முழுக்க ஏற்றிவைத்தால் அதே டார்ச் இரண்டு மூன்று ஆண்டு வரும். இந்த வகையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பின்பக்கம் இழுத்துச் சுவரில் செருகும் இரண்டு முள் பிளக் உள்ள மலிவு மாடல்களில், 230 வோல்ட்டுக்கும் டார்ச் உடலுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதில்லை, ஒரு கெபாசிட்டர்தான். சார்ஜில் இருக்கும்போது ஈரக்கையால் தொடவே கூடாது. யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட்டில் ஏறும் டார்ச்சை வாங்கினால் இந்தப் பயமில்லை.

லித்தியம் டார்ச் பிழைத்திருக்கும், பாதி சார்ஜில் வைத்திருந்தால். முழுக்க ஏற்றி வெயிலில் போட்டாலும் அதன் ஆயுள் குறையும். முழுக்கக் காலியாக விட்டாலும் கெடும்.

பெயரில் என்ன இருக்கிறது

இவ்வளவுக்குப் பிறகுதான் பிராண்ட். டார்ச்சைப் பொறுத்தவரை பிராண்ட் என்பது பெட்டியில் உள்ள எண்ணுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கான அத்தாட்சி. அந்த ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது எளிது. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். லித்தியம் செல்லில் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் அது பெயரே இல்லை. பிரபலப் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி வருபவையும் அப்படியே.

சில நூறு ரூபாய்தான் கையில் என்றால்: எவரெடி, நிப்போ, பானசோனிக் போன்ற பேட்டரிக் கம்பெனிகளின் சிறிய எல்.இ.டி. டார்ச். பென்சில் செல்லில் ஓடுபவை. லூமென் குறைவு, ஆனால் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். டார்ச்சில் மிச்சம் பிடித்த பணத்தில் அல்கலைன் செல்லாகப் போடுங்கள், அதில் துத்தநாகம் பாத்திரமாக இல்லை, உள்ளே தூளாக இருக்கிறது, கூடு எஃகு. அடிக்கடி பயன்படுத்துபவருக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்கள் சில மாதங்களில் போட்ட பணத்தை மீட்டுத் தரும்.

ஆயிரம் ரூபாயை ஒட்டி: பிலிப்ஸ், விப்ரோ, பஜாஜ், ஹாவெல்ஸ் போன்ற மின்சாதனக் கம்பெனிகளின் ரீசார்ஜ் டார்ச்சுகள். இங்கே பெயரை விட உள்ளே உள்ள பேட்டரிதான் முக்கியம். ஒரே கம்பெனியிலேயே ஈய அமிலமும் இருக்கும், லித்தியமும் இருக்கும். லித்தியம், யு.எஸ்.பி. என்று பார்த்து எடுங்கள்.

இரண்டாயிரம் முதல் மூவாயிரம்வரை தாங்குமென்றால்: சீனத்தின் கான்வாய், சோஃபிர்ன், வுர்க்கோஸ். விளம்பரம் குறைவு, டார்ச் பித்தர்கள் மத்தியில் மதிப்பு அதிகம். கழற்றி மாற்றக்கூடிய 18650 செல், சீரான சுற்று, சில மாடல்களில் 90-க்கு மேல் சி.ஆர்.ஐ. எல்லாம் இந்த விலையிலேயே வரும். குறை: இணையத்தில்தான் வாங்க வேண்டும், பழுதானால் பக்கத்தில் சர்வீஸ் கடை கிடையாது. ஃபீனிக்ஸ், நைட்கோர் இன்னும் உறுதியானவை, இன்னும் விலையானவை. வேலைக்காகத் தினமும் பயன்படுத்துபவர் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் தேவைப்படாது. எந்த விலையிலும் ஒரு விதி: செல்லைக் கழற்ற முடியாத டார்ச்சின் ஆயுள், செல்லின் ஆயுளோடு முடிகிறது.

சிக்கனம் கூடாத இடமும் வடசென்னையில் உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை, எரிபொருள் டேங்கர், கப்பலின் எண்ணெய்த் தொட்டி: இங்கே சாதாரண டார்ச்சின் சுவிட்சில் எழும் கண்ணுக்குத் தெரியாத பொறியே ஆவியைப் பற்றவைக்கப் போதும். தீப்பொறி எழாதபடி வடிவமைத்து, வெடி அபாயப் பகுதிக்கென்று சான்று பெற்ற டார்ச் தனி. விலை பல மடங்கு. ஆயிரம் ரூபாய் டார்ச்சோடு தொட்டிக்குள் இறங்கச் சொல்லும் மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்வதுதான் சரியான சிக்கனம்.

வீட்டுக்கு இரண்டு

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் கரையேறியபின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாட்கணக்கானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே கதை. அந்த மாதமே 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் லூமென் யாருக்கும் நினைவில் இருக்காது. கை நீட்டினால் டார்ச் கிடைக்க வேண்டும். கிடைத்தது எரிய வேண்டும்.

ஆகையால் ஒரு பெரிய டார்ச்சுக்குப் பதில் இரண்டு சின்ன டார்ச். தினப்படி வேலைக்கு லித்தியம். பத்துப் பைசா வெளிச்சம். கதவோரம் ஆணியில் மாட்ட இன்னொன்று, பென்சில் செல்லில் ஓடுவது. அதன் அல்கலைன் செல்களை வெளியே எடுத்து, வாங்கிய மாதத்தை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டார்ச்சோடே கட்டி வையுங்கள். நான்கு நாள் மின்சாரம் இல்லாதபோது சார்ஜ் செய்ய இடமில்லாத லித்தியம் வெறும் குழாய்தான். அப்போது கைகொடுப்பது, திருவொற்றியூர்க் கட்டையின் வழிவந்த அந்தச் செல்.

வாங்கும் அன்று கடைசியாக ஒரு சோதனை, செலவில்லாதது. டார்ச்சைச் சுவரில் அடித்துக் காட்டுவார் கடைக்காரர். சுவர் வெள்ளை, அதில் எல்லா டார்ச்சும் நல்ல டார்ச்தான். வாங்கி உங்கள் உள்ளங்கையில் அடியுங்கள். தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தின் சிவப்பும் நரம்பின் சாயலும் தெரிகிறதா, அல்லது கை பிணம் போல வெளிறித் தெரிகிறதா? காசிமேட்டில் செவுளைப் பார்க்கிறார்களே, அதே பார்வைதான். மீனுக்கு வைக்கும் அந்தப் பரீட்சையை டார்ச்சுக்கும் வைத்துவிட்டு, அப்புறம் விலையைப் பேசுங்கள்.